மைனம் அக்கா கணக்கு

கடிதம் தெலுங்கில் வந்தது.
பேச வரும் எனக்கு, படிக்க வராது.
மருந்துக்கடைப் பையன் படித்துச் சொன்னான்:
"கெங்கம்மா என்ற பேரில் எங்களிடம்
யாரும் வேலை பார்க்கவில்லை."
ரெண்டே வரி.
கீழே ரப்பர் ஸ்டாம்பு மட்டும் நல்ல ஊதா.

நாலு வருசம்
குப்பத்துக்கும் சாந்திபுரத்துக்கும் நடுவே
தகரக் கொட்டகையில்
கல்லுக்கு மெழுகு தேய்த்தவள் நான்.
கறுப்புக் கல்லில் என் முகம் தெரிந்தால்தான்
மேஸ்திரி அடுத்த பலகைக்கு விடுவார்.
அத்தனை கல்லில் தெரிந்த முகம்
ஒரு பதிவேட்டில் இல்லை.

ஆஸ்பத்திரிச் சீட்டிலும்
"வீட்டு வாசலில் வழுக்கி விழுந்தவர்" என்றிருக்கிறது.
சொன்னது மேஸ்திரி.
நான் நினைவில்லாமல் கிடந்தேன்.
முந்நூறு கிலோ பலகை
எந்த வீட்டு வாசலில் சாய்ந்து நிற்கும் என்று
யாரும் கேட்கவில்லை.
பாதத்தைக் கழுவிய நர்ஸ் மட்டும்
பேசினில் கறுப்பாய் ஓடிய தண்ணீரைப் பார்த்து
"கல் கம்பெனியா?" என்றாளாம்.
அவள் பேரை யாரும் கேட்டு வைக்கவில்லை.

பலமநேரில் பஸ் மாறி
சித்தூர் லேபர் ஆபீசுக்குப் போனேன்.
காயம்பட்டவர்கள் வரும் ஆபீசை
மாடியில் வைத்தவன் யாரோ.
"கம்பெனி இல்லைன்னு சொன்னா
இல்லைன்னு ஆயிடாதும்மா.
இங்க கேஸ் போடலாம், ரெண்டு வருசத்துக்குள்ள.
வேலை பாத்ததுக்கு ஏதாச்சும் கொண்டு வா."
சம்பளச் சீட்டு?
கையில்தான் கொடுப்பார்கள்.
அடையாள அட்டை?
கம்பெனி நாய்க்கு இருந்தது, கழுத்தில்.
கூட வேலை பார்த்தவர்கள்?

லச்சுமிதேவி கதவைப் பாதி திறந்து
"ரெண்டு பிள்ளைங்க, அக்கா" என்றாள்.
அவளைக் குற்றம் சொல்லமாட்டேன்.
எனக்கு முந்தின வருசம்
ஒடிசாக்காரப் பையனுக்கு மூன்று விரல் போனது.
சாட்சி கேட்டு வந்தவனிடம்
நானும் கதவைப் பிடித்துக்கொண்டுதான் பேசினேன்.

கடைசியில் நாகய்யா டீக்கடை.
கேட்டுக்கு எதிரே.
பாக்கியைக் கேட்பான் என்று
ஏழு மாசமாய் அந்தப் பக்கம் போகாதவள்
நானே போய் நின்று
"என் பாக்கி எவ்வளவு?" என்றேன்.

நீள நோட்டு, எண்ணெய் ஏறிய ஓரம்.
"மைனம் அக்கா, கல் ஷெட்"
என்று தலைப்பாம், அவனே படித்தான்.
காலை டீ ஒன்று. நாலு மணி டீ ஒன்று, பன் ஒன்று.
ஞாயிறு இல்லை.
ஜாத்திரை மூன்று நாள் இல்லை.
மற்றபடி ஒரு நாள் விடாமல்
நான் அங்கே இருந்திருக்கிறேன்.

ஆகஸ்ட் ரெண்டு. காலை டீ ஒன்று.
நாலு மணிக்கு எதுவும் இல்லை.
அதற்குக் கீழே பக்கம் முழுக்க வெள்ளை.

"சத்தம் இங்க வரைக்கும் கேட்டுச்சு" என்றான் நாகய்யா.
"கல் உடைஞ்சிருச்சுன்னு நெனச்சேன்."
கொஞ்சம் பொறுத்து,
"கல் உடையலியாமே" என்றான்.

நூற்றியெண்பத்தாறு ரூபாய்.
முந்தானை முடிச்சை அவிழ்த்தேன்.
அவன் பேனாவை மூடிவிட்டான்.
"வேணாம். வாங்குனா கோடு போட்ருவேன்.
கோடு போட்டா கணக்கு முடிஞ்சு போயிரும்.
ஆபீசர் பாக்குற வரைக்கும்
நீ எனக்குக் கடன்காரியாவே இரு."

அடுத்த மாசம் பன்னிரண்டு, வாய்தா.
வக்கீல் வைத்துக் கம்பெனி வரும் என்கிறார்கள்.
அந்த அக்கா இந்த அக்காதானா என்று கேட்பார்களாம்.
கேட்கட்டும். நாகய்யா வருகிறேன் என்றிருக்கிறான்,
கடையை மச்சானிடம் விட்டுவிட்டு.
வருவானா, அன்றைக்குத்தான் தெரியும்.

நேற்று ராத்திரி பாதம் குடைந்தபோது
போனில் அந்த ஒடிசாப் பையன் நம்பரைத் தேடினேன்.
அவனுக்கு ரெண்டு வருசம் முடிய
இன்னும் ஆறு மாசம் இருக்கிறது.
மணி அடித்துக்கொண்டே இருந்தது.
அவனும் நாகய்யாவிடம் டீ குடித்தவன்தான்,
சர்க்கரை தூக்கலாக.